பிழையே இல்லாத பத்திரம்

"பணத்தை அனுப்பிட்டியாடா மடையா?"

அச்சகத்தின் புரூஃப் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆடிட்டர் போட்ட சத்தத்தில், பக்கத்து மேஜையில் பசை தடவிக்கொண்டிருந்த பைண்டர் பிரஷ்ஷைக் கீழே போட்டார்.

ஆடிட்டரின் தம்பி நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார். ஐம்பத்தெட்டு வயது. அச்சுப் பிழை திருத்தும் புரூஃப் ரீடர். இந்த வாரத்தோடு வேலை முடிகிறது. முப்பது வருஷ உழைப்புக்கு வந்த மொத்தப் பணமும் நேற்றுதான் அவர் கணக்கில் ஏறியிருந்தது. அதை விட்டால் வேறு எதுவும் கிடையாது.

"இன்னும் இல்ல. மூணு மணிக்குள்ள அனுப்பணும். உங்களுக்கு யார் சொன்னா?"

"உன் வீட்டுக்காரிதான் அழுதுக்கிட்டே போன் பண்ணினா."

மணி இரண்டு நாற்பது.

தம்பி டிராயரிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினார். ஊரறிந்த நிதி நிறுவனத்தின் பெயர், முத்திரை, பதிவு எண். வங்கி தருவதைப்போல இரண்டு மடங்கு வட்டி. அசலுக்கும் உத்தரவாதம்.

"இருபத்தாறு பக்கம் அண்ணா. மூணு தடவை படிச்சிட்டேன். ஒரு எழுத்துப் பிழை இல்ல. திருட்டுப் பசங்களுக்கு இவ்வளவு ஒழுங்கா எழுத வருமா?"

"நிஜக் கம்பெனி பத்திரத்தை அப்படியே எடுத்துப் போட்டா பிழை எங்கேர்ந்துடா வரும்? போன் நம்பரையும் கணக்கு நம்பரையும் மாத்தினா போதாதா?"

"கம்பெனியிலேயே விசாரிச்சாச்சு."

"எந்த நம்பர்ல?"

"இதோ, இதுல போட்டிருக்கே."

ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். "திருடனுக்கே போன் போட்டு, நீ திருடனான்னு கேட்டியா? பணம் யார் பேருக்குப் போகுதுன்னு பாரு. யாரோ தனி ஆள்! கம்பெனியோட நிஜ நம்பரைத் தேடி எடுத்துப் பேசுடா."

அத்தனையும் நியாயம்தான். ஆனால் நியாயத்தை ஆடிட்டர் சொன்னால் அதைக் கேட்கிறவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்!" தம்பியின் குரல் உயர்ந்தது. "கடை வைக்கிறேன்னேன், விடலை. வீடு வாங்குறேன்னேன், விடலை. முதமுதலா ஒரு சைக்கிள் வாங்கினேன். அதுக்கும் பிரேக் சரியில்லன்னீங்க!"

"சரியில்லதானேடா!"

பைண்டருக்கே பொறுக்கவில்லை. "பெரியவரே, நாலு பேர் எதிர்ல தம்பியை இப்படியா பேசுறது?"

ஆடிட்டரின் குணம் அது. வாழ்நாளில் ஒரு தடவைகூட எவனிடமும் ஏமாந்ததில்லை என்பதைப் பெரிய பட்டம் வாங்கியதுபோலச் சொல்லிக்கொண்டு திரிகிறவர். கேட்டுக் கேட்டுச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் காது புளித்துவிட்டது.

தம்பியின் போன் அடித்தது. பத்திரம் கொடுத்த ஆள்தான்.

"சார், இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான். அப்புறம் உங்க ஒதுக்கீடு வேற ஆளுக்குப் போயிடும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"இதோ, இப்பவே அனுப்புறேன்."

வேண்டுமென்றே அண்ணனின் கண் முன்னாலேயே தம்பி போனில் எண்களைத் தட்ட ஆரம்பித்தார். ஆடிட்டர் பிடுங்கப் பார்த்தார். தம்பி கையை உதறியதில் நாற்காலி சாய்ந்தது. பைண்டர் ஓடிவந்து நடுவில் நின்றார்.

ஆடிட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். தம்பியின் விரலைப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு தட்டல்தான் பாக்கி. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நானும் போட்டேன்டா."

விரல் நின்றது.

"இதே பத்திரம்தான். போன மாசம். என் சேமிப்புல பாதி போச்சு. வெளிய சொல்ல வெட்கமா இருந்துச்சு. உன் அண்ணிக்குக்கூடத் தெரியாது."

"நீங்களா? நீங்க ஏமாந்தீங்களா?"

"ஆமாண்டா. போதுமா?"

தம்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணனே ஏமாந்தார் என்றால் யார்தான் ஏமாற மாட்டார்கள்? மெதுவாகப் போனைக் கீழே வைத்தார். பைண்டர் தன் போனில் அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தைத் தேடி, அதிலிருந்த எண்ணுக்குப் போட்டுக் கொடுத்தார்.

"அப்படி ஒரு பத்திரமே நாங்க வெளியிடலை சார். எங்க பேரை வெச்சு யாரோ ஏமாத்துறாங்க. பணம் கட்டிடாதீங்க, உடனே போலீஸ்ல சொல்லுங்க."

தம்பி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளையாக அழுதார். பத்து நிமிடம் போனதும், ஆபத்து நீங்கிய தெம்பில் அவருக்கு மெல்லச் சிரிப்பு வந்தது.

"இருந்தாலும் அண்ணா, உங்க காதுலயே பூ சுத்திட்டானுங்களே!"

"அதான் ரொம்ப வாய் பேசக் கூடாதுங்கறது" என்றார் பைண்டர்.

ஆடிட்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் பூராவும் விஷயம் பரவிவிட்டது. ஆடிட்டர் தன் வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஊரே சிரிக்குது! பாதிச் சேமிப்பைத் தொலைச்சிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

அவர் அலமாரியைத் திறந்து, பாஸ்புக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அழுதுகொண்டே புரட்டியவள் கடைசிப் பக்கத்தில் நின்றாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"என்னங்க இது?"

அதற்குள் போன் அடித்தது. தங்கை. சிரிப்பை அடக்க முடியாமல் பேசினாள்.

"அண்ணா, நீங்களா ஏமாந்தீங்க? சத்தியமா என்னால நம்பவே முடியலை!"

"ஆமாம்மா, பாதிப் பணம் போச்சு" என்று சொல்லிக்கொண்டே, ஒரு காசுகூடக் குறையாத அந்தப் பாஸ்புக்கை மனைவியின் கையிலிருந்து வாங்கி மூடினார் ஆடிட்டர்.