சரியாக ஊகித்த நேயர்

தொடரின் விதி எளிமையானது. நாம் தொலைக்காட்சியைப் பார்க்கும்போது அதுவும் நம் முகத்தைப் பார்க்கும். யாராவது ஒருவர் கொலைகாரனைச் சரியாக ஊகித்துவிட்டால், அடுத்த வாரமே கொலைகாரன் மாறிவிடுவான். ஊகித்தவருக்குத் திரையில் பெயர் போட்டு வாழ்த்துவார்கள்.

நான்காவது முறையாக மங்களேஸ்வரியின் பெயர் வந்ததும், குடியிருப்பே திரண்டு அவள் வாசலில் நின்றது.

“ஒன்பது வருஷமா யாரு கொன்னான்னு தெரியாம உக்காந்திருக்கோம். உங்க வீட்டம்மா சும்மா இருக்க மாட்டாங்களா?” என்று அவள் கணவன் சபாபதியிடம் கத்தினார் கீழ்வீட்டு தாமஸ்.

“நான் வாயே திறக்கலையே!” என்றாள் மங்களேஸ்வரி.

“உன்னை யாரு யோசிக்கச் சொன்னா?” என்ற சபாபதி, பரணிலிருந்து அவள் பெட்டியை இறக்கினான். “தொடர் முடியுற வரைக்கும் உங்க அண்ணன் வீட்டுல இரு.”

“அது எப்ப முடியும்?”

தாமஸ்தான் பெட்டியை லிஃப்ட் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்.