நீலத்தாள் வைத்த பரீட்சை

பள்ளிக்கூடத்துப் பரிசோதனைப் பெட்டியில் ஒரு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தைக் கேட்டு, மஞ்சள்தூள் கறை படிந்த அடுப்படித் துணி ஒன்று வந்து நின்றது. கறை போகவே இல்லை என்று நாளைக்கு அதைக் குப்பையில் போடப் போகிறார்கள்.

பெட்டிக்குள் இருந்த நீல லிட்மஸ் தாள் பரீட்சை வைத்தது.

"அமிலம்னா என்ன, காரம்னா என்ன? சொல்லு."

"அதெல்லாம் நான் படிக்கலைங்க சார்."

"புளிப்பா இருக்கறது அமிலம். அது பட்டா நான் சிவந்துடுவேன். சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கறது காரம். இதுகூடத் தெரியாம இடம் கேட்டு வந்துட்டியே!"

சொல்லிவிட்டு, தாள் பக்கத்துக் கிண்ணத்தில் மூக்கை நனைத்தது. நிறம் மாறவில்லை.

"பாத்தியா, இது வெறும் தண்ணி."

"நானும் தொட்டுப் பாக்கட்டுங்களா?" என்று துணி கூச்சத்தோடு தன் நுனியை நனைத்தது. மஞ்சள் கறை குங்குமமாகச் சிவந்தது.

"சார், இது சோப்புத் தண்ணிங்க. துவைக்கிறப்பல்லாம் எனக்கு இப்படித்தான் ஆகும்."

பெட்டி சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தது. "நீ உள்ள வாம்மா."

நீலத்தாளுக்கும் அப்போது முகம் சிவக்க வேண்டும் போலத்தான் இருந்தது. என்ன செய்வது, பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்லை.