மேசைக்கு அந்தப் பக்கம்

மருந்துக்கடைக்காரர் நிவாரண முகாமுக்குத் தார்ப்பாய் வாங்கத்தான் வந்தார். சத்தியமாக வாங்கத்தான்.

புயலில் வீட்டின் தகரக் கூரை மொத்தமாகப் பறந்து மூன்று நாளாகிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவின் கட்டிலை அவரும் மனைவியும் மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி மறுபடியும் மழை என்று ரேடியோ சொல்லிவிட்டது. இன்றைக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

செய்த தப்பு ஒன்றுதான். பீரோவில் நனையாமல் தப்பித்த ஒரே சட்டை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

வாசலில் நின்ற பொறுப்பாளருக்கு அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க சார், உங்களை மாதிரி ஆளுங்கதான் வேணும்" என்று தொண்டர்களின் மஞ்சள் மேலங்கி ஒன்றை மாட்டிவிட்டு, மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்.

அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் வரிசையில் பாதிப் பேர் தினமும் அவரை "ஐயா" என்று கூப்பிட்டு மாத்திரை வாங்கிப் போகிறவர்கள். அவர்கள் முன்னால் நாக்கு எழவில்லை. பாழாய்ப்போன கௌரவம்.

சரி, எல்லாம் முடிந்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைத்தார். விவரமான மனிதர், ஒரு தார்ப்பாயை முன்கூட்டியே மேசைக்கு அடியில் தள்ளி, அதன் மேல் காலை வைத்துக்கொண்டார்.

மதியத்துக்குள் வேலை பிடித்துப்போயிற்று. பெயரை எழுதுவார், கையெழுத்து வாங்குவார், எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொருவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கூரை போனதிலிருந்து அவரை யாரும் கும்பிட்டிருக்கவில்லை.

நாலு மணிக்குத் தார்ப்பாய் அடுக்கு காலி. வரிசையில் இன்னும் சிலர் நின்றார்கள். முதலில் நின்ற பெண், இடுப்பில் குழந்தையோடு, அழ ஆரம்பித்துவிட்டாள். சரியாக அந்த நேரம் பார்த்துப் பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்து சேர்ந்தார்.

மருந்துக்கடைக்காரருக்கு என்ன ஆயிற்றோ, சட்டென்று குனிந்தார். காலுக்கு அடியில் இருந்ததை உருவி அவளிடம் நீட்டினார்.

எல்லாரும் கை தட்டினார்கள். பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் அருமையாக வந்திருக்கிறது என்றார் பத்திரிகைக்காரர்.

அடுத்து ஒரு பெண் வந்து நின்றாள். அவர் தலை நிமிரவில்லை. நோட்டை மூடிக்கொண்டே, "முடிஞ்சுபோச்சும்மா. நாளைக்கு வாங்க" என்றார்.

அவள் நகரவில்லை. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார்.

மனைவி.

எவ்வளவு நேரமாக வரிசையில் நின்றாளோ. அவருடைய மேலங்கியைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிடப் போகிறாள் என்று நினைத்தார். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றும் இருந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும், சார்?" என்று கேட்டாள்.