குடும்ப மருத்துவ வகுப்பில் கைதட்டல்

ராஜகீழ்ப்பாக்கம் சுகாதார மையத்தில் குடும்ப மருத்துவ வகுப்பு நடக்கிறது. 'எல்லாத் தலைமுறைகளுக்கும் ஒரே மருத்துவர்' என்ற புரொஜெக்டர் எழுத்துகள், பாடம் நடத்தும் டாக்டர் ஸ்ரீவித்யாவின் வெள்ளைக் கோட்டில் வளைந்து விழுகின்றன. மருத்துவ மாணவர்கள் போனில் மேற்படிப்பு நுழைவுத்தேர்வுக் கேள்விகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அனிருத் மட்டும் எழுகிறான். "மேடம், நான் மேற்படிப்புக்கு குடும்ப மருத்துவத்தையே எடுத்துப் படிக்கலாம்னு இருக்கேன்." "மச்சான், எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்டா," என்கிறான் பத்ரி. சிரிப்பில் மின்விசிறியின் கிறீச்சொலி அமுங்குகிறது. வாசலில் காத்திருக்கும் அங்காளம்மாள் தலையை நீட்டுகிறாள். "டாக்டரம்மா, எங்க வூட்டுக்காரரு கால் புண்ண வூட்டுக்கே வந்து பாக்குறேன்னீங்களே, நாளைக்கு வர்றீங்களா?" "நாளையிலேர்ந்து வேற டாக்டர் வருவாங்கம்மா." ஸ்ரீவித்யா வகுப்பின் பக்கம் திரும்புகிறார். "எனக்கு ரேடியாலஜி சீட் கிடைச்சிருச்சு. இனிமே ஸ்கேன் ரூம்தான்." முதல்முறையாகப் போன்களைக் கீழே வைத்துவிட்டு வகுப்பே எழுந்து கைதட்டுகிறது. அனிருத்தின் கைகளும் தட்டுகின்றன.