வேலிக்கு வக்காலத்து

புரட்டாசி மூன்றாம் ஞாயிறு, பன்னிரண்டு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம்.

வேலையாள் உத்தமன் பெரிய கத்தரியை வேலியில் வைத்தான். லோகநாதன் துவைக்கிற கல் பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.

வேலி என்றால் டுராண்டா. நர்சரியில் விரலளவு குச்சியாக வாங்கி நட்டது. இப்போது ஆள் உயரத்துக்கு மேல், கத்திரி வெயிலிலும் பச்சை மாறாமல், திருமுல்லைவாயிலின் அந்தத் தெருவில் அவர் வீட்டையும் ராயப்பன் வீட்டையும் பிரித்து நின்றது. நடுவில் சுவர் கிடையாது. தேவைப்படவும் இல்லை.

பக்கத்துத் தெருவில் பாம்பு பிடித்தார்களாம். மகள் கிருஷ்ணப்பிரியா காலையிலேயே ஆளுக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். வேலியை முட்டி உயரத்துக்கு வெட்டவேண்டும் என்பது அவள் உத்தரவு.

"பாம்பு அது பாட்டுக்குக் கீதும்மா. உன்ன இன்னா பண்ணுது?" என்றார் லோகநாதன்.

அவர் கவலை பாம்பு அல்ல. துவைக்கிற கல்லுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், வேலியில் ஒரு கை நுழையும் ஓட்டை இருந்தது. கிளை கிளையாக ஒடித்து அவரே உண்டாக்கியது.

புரட்டாசி பிறந்தால் வீடு மனைவி கன்னியம்மாளின் ஆட்சிக்குப் போய்விடும். மீன் சட்டி பரணில் ஏறும். முட்டை போட்ட கேக் கூட வாசற்படி மிதிக்காது. அந்த ஒரு மாதமும், மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து ராயப்பன் வாங்கிவரும் வஞ்சிரத்தில் வறுத்த இரண்டு துண்டு, சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, சிவப்பு மூடி டப்பாவில், ஓட்டை வழியாக வந்து அவரைக் காப்பாற்றியது. மற்ற நாளிலும் டப்பா வருவதுண்டு. சனிக்கிழமை மட்டும் தொடமாட்டார். அதில் அவர் கறார்.

மனசு உறுத்தாமல் இல்லை. தோட்டத்தின் மறுகோடியில், வேலியோரம் இருக்கும் துளசி மாடத்தைக் கன்னியம்மாள் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு குறுகும். இந்தப் புரட்டாசியில் சுற்று இன்னும் நீண்டுவிட்டது. தீர்த்தம் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். முகத்தில் அப்படியொரு நிறைவு.

கத்தரி முதல் கிளையைக் கடித்தது.

"நிறுத்துப்பா!"

கத்தியது லோகநாதன் அல்ல. முந்தானையைச் செருகிக்கொண்டு கன்னியம்மாள் ஓடிவந்தாள்.

"பச்ச செடிடீ. நல்ல மாசத்துல அத்தப் போயி வெட்டிகினு! பாவம் புடிக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் தலையாட்டாதவள் இன்று அவர் பக்கம் நின்றாள். லோகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்தி என்றால் செடிகொடி வரைக்கும் போகும் போல.

"ரெண்டு பேரும் இன்னா கூட்டு சேந்துகினீங்க? பாம்பு கடிச்சா பெருமாளா ஆட்டோ புடிப்பாரு?" என்றாள் மகள். "நீங்க வெட்டுங்கண்ணா."

வேலிக்கு அந்தப் பக்கம் ராயப்பன் இருமினார். டப்பா வந்துவிட்டது என்று பொருள்.

லோகநாதனும் இருமினார். வேண்டாம் என்பதற்கு அவர்களிடம் தனி இருமல் இல்லை. ராயப்பன் மறுபடி இருமினார், கொஞ்சம் உரிமையோடு.

கல்லுக்குப் பின்னால் கிளைகள் சரிந்தன. நீட்டிய கையும் சிவப்பு மூடியுமாக ராயப்பன் வெளிச்சத்தில் நின்றார்.

லோகநாதன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. உத்தமனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மறுகோடிக்கு நகர்ந்துவிட்டிருந்தான்.

"அங்க வேணாம்பா," என்றாள். "துளசி கீது."

உத்தமன் நல்லவன். துளசியில் ஓர் இலை கூடப் படாமல், மாடத்துக்குப் பின்னாலிருந்த கிளைகளை மட்டும் கையால் விலக்கினான்.

அங்கே இன்னொரு ஓட்டை. வட்டமாக, ஓரமெல்லாம் சீவி, லோகநாதனுடையதைவிட நேர்த்தியாக இருந்தது.

ஓட்டைக்கு அந்தப் பக்கம் ராயப்பனின் மனைவி சகாயமேரி, கையில் தூக்குச் சட்டியோடு. சட்டியில் லோகநாதனின் மாமனார் பெயர் வெட்டியிருந்தது. நண்டுக் குழம்பு மணத்தது.

ராயப்பன் இருமக்கூட இல்லை.

சகாயமேரி புருஷன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். தன் கையிலிருந்த தூக்கைப் பார்த்தாள்.

"யக்கா, இனிமேட்டு ரெண்டு பேருக்கும் ஒரே சட்டியில ஊத்திடட்டுமா?"