ஏழாவது அறை

"வழி விடுங்க... வழி விடுங்கப்பா! அவருக்கு நான் ஒண்ணு கொடுத்தே ஆகணும்!"

கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு மேடையை நோக்கிப் பாய்ந்தாள் அர்லெத். வயது எழுபத்திரண்டு, உதட்டில் புதுச் சாயம். போகிற போக்கில் வலது கைக் கையுறையை உருவிப் பைக்குள் திணித்தாள்.

"முத்தமா அர்லெத்? எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைடி!" கழுத்தில் ஐஸ்கிரீம் தட்டை மாட்டியிருந்த ஜோசியான் கண்ணடித்தாள்.

சான்-வெரான் என்ற பிரெஞ்சுச் சிற்றூரின் ஒரே தியேட்டரில் அன்று விழா. ஐம்பது வருஷத்துக்கு முன் இதே ஊரில் எடுத்த படத்தை மறுபடி போடுகிறார்கள். நாயகன் ரெமி வால்துவாவே வந்திருக்கிறாராம்.

அந்தப் படத்தில் அர்லெத்துக்கு ஒரே காட்சி. மாடிப்படியில் நாயகன் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பான். வேலைக்காரி அர்லெத்தின் கன்னத்தில் ஓர் அறை. "சும்மா தொடுற மாதிரிதான்" என்று சத்தியம் செய்திருந்தார்கள். விளக்கில் கண் கூசியது, தொப்பி நிழலில் முகம்கூடத் தெரியவில்லை. கை மட்டும் நிஜமாகவே விழுந்தது. "இன்னொரு தடவை!" என்று இயக்குநர் கத்தக் கத்த, ஏழு தடவை.

வலது காதில் அன்று தொடங்கிய ரீங்காரம் இன்னும் ஓயவில்லை. ஊர் வைத்த பெயரும் போகவில்லை. ரொட்டிக் கடையில் இன்றைக்குக் காலையில்கூட, "என்ன பளார் அர்லெத், ஒண்ணா ரெண்டா?"

மேடையில் வெள்ளைக் கோட்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம் இடது கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். எதிரே ஒரு பெண்மணி. ஊர் வழக்கப்படி முத்தத்துக்குக் கன்னத்தை நீட்டினார்.

பளார்!

அடுத்த நொடி கைதட்டல் கூரையைப் பிய்த்தது. "அதே சீன்! அதே சீன்!" பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்: "இன்னொரு தடவை!"

"கேட்டீங்களா முசியே? ஜனங்க ஆசைப்படுறாங்க." அர்லெத் பல்லைக் கடித்தாள்.

இரண்டு. மூன்று. கூட்டம் கேட்கக் கேட்க அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவர் ஓர் அடிகூட விலகவில்லை.

ஆறாவது விழுந்ததும் தியேட்டர் முதலாளி தெல்மாஸ் வியர்த்து வழிய ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார். இடது காதோடு சீறினார்.

"பாவி, நிறுத்து! இது வால்துவா இல்ல! அந்த ஆளு கடைசி நேரத்துல வரலன்னுட்டான். ஊரே வந்து உக்காந்திருக்கேன்னு அவனோட அந்தக் காலத்து டூப்பைக் கூட்டிட்டு வந்தேன். ஆள் மாறி அடிச்சிட்டியே!"

அர்லெத்தின் ஓங்கிய கை தானாக இறங்கியது. ஐம்பது வருஷம் பொத்தி வைத்த கோபம், போயும் போயும் ஓர் அப்பாவியின் கன்னத்திலா?

"மன்னிச்சிடுங்க முசியே... உங்க பேருகூட எனக்குத் தெரியாது."

"யாருக்குமே தெரியாது மதாம். படத்துலயும் போடல." அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தம் இடது உள்ளங்கையை விரித்து அவளிடம் காட்டினார். பிறகு சிவந்த கன்னத்தை மறுபடியும் நீட்டினார்.

"ஆள் மாறல. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."