நுரைக்காத தொட்டி

“நுரை தள்ளிச்சுதோ?” என்று குசினிக்குள் இருந்து கஜானி கேட்டாள்.

“இன்னும் இல்லை” என்றான் லக்ஷன். விடிந்ததில் இருந்து கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறான். நுரை வந்தால் உயிர் தப்பும், வராவிட்டால் தப்பாது. அவனுடைய கவலை அதுதான்.

“பாம்பு கடிச்ச ஆளுக்குக் காவல் இருக்கிற மாதிரியெல்லோ இருக்கிறியள்” என்றாள் அவள்.

உயிர் தப்ப வேண்டியவை ஐந்து மீன்கள். உடுவிலில் உள்ள அந்த வீட்டு ஹோலில், ரீவி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடித் தொட்டி. கடல் தண்ணீர் விட்டுப் பவளம் வளர்க்கப்போகிறேன் என்று லக்ஷன் தொடங்கி இரண்டு மாதமாகிறது. இன்னும் ஒரு துண்டுப் பவளமும் வரவில்லை, ரீவியும் திரும்பி வரவில்லை.

பவளத்துக்குத் தண்ணீர் சுத்தமாக வேண்டும். அதற்குத்தான் ஸ்கிம்மர். தண்ணீரில் உள்ள அழுக்கை நுரையாக்கி மேலே உள்ள கோப்பைக்குள் தள்ளுவது ஒன்றுதான் அதற்கு வேலை. அந்த ஒரு வேலையை மட்டும் அது செய்யவில்லை.

முதலில் வாங்கியது காற்றுக்கல் வைத்தது. குமிழி விட்டதே தவிர நுரைக்கவில்லை. இரண்டாவது, தண்ணீர் பாயும் வேகத்தில் காற்றை உறிஞ்சுவது. அதன் இரைச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் மா அரைக்கிறீர்களா என்று விசாரித்தார். மூன்றாவது ஊசிச் சக்கரம் பூட்டியது. அதை இன்று விடியவே வந்து பூட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றான், மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் சுபாஸ்.

“புது மெசின் சேர். பழக ரெண்டு கிழமை செல்லும்.”

முதல் இரண்டுக்கும் அவன் இதையேதான் சொன்னான். ஆனாலும் லக்ஷனுக்கு அவன்மேல் பெரிய நம்பிக்கை. தொட்டியை நிரப்பிய அன்று தண்ணீரில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, “இந்தத் தண்ணிக்கு ஏத்த மீன் நான் தாறன் சேர்” என்றவன் அவன். தந்த ஐந்தில் ஒன்றுகூட இதுவரை சாகவில்லை.

லக்ஷனும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவன். தினமும் அமோனியா அளந்தான், நைத்திரேற்று அளந்தான், கொப்பியில் எழுதினான். கிழமைக்கு ஒருமுறை இரண்டு வாளி பழைய தண்ணீரை அள்ளி வேலியோரம் ஊற்றிவிட்டு, இரண்டு பிளாஸ்ரிக் கான் புதுத் தண்ணீர் விட்டான். அதைக் கொண்டுவருவது கஜானியின் தமையன் கேதீஸ்வரன். விடிய மயிலிட்டிக் கடற்கரைக்குப் போய், சந்தைக்கு மீன் ஏற்றி வருகிற ஆள்.

கஜானி ஒரு கையில் தேத்தண்ணியும் மறுகையில் ஒரு பிடி பச்சை மிளகாயுமாக வந்தாள். “பாத்தியளே, ஆரும் நடேல்லை. தன்ரை பாட்டுக்கு முளைச்சுக் காய்ச்சுக் கொட்டுது.”

“எங்கை?”

“வேலியோரம். நீங்கள் மீன் தண்ணி ஊத்துற இடத்திலை.”

லக்ஷன் தேத்தண்ணிக் கோப்பையை வாய்வரை கொண்டுபோய் அப்படியே கீழே வைத்தான். ஆறு வருடமாகப் பிள்ளைகளுக்கு உப்பைப் பற்றிப் படிப்பிக்கிறவனுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து போய்த் தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தான். உப்பே இல்லாத பச்சைத் தண்ணீர். தேத்தண்ணிக்கே வைக்கலாம்.

அந்த நேரம் பார்த்துக் கேதீஸ்வரன் இரண்டு கானோடு உள்ளே வந்தான்.

“மச்சான், உது எங்கத்தைத் தண்ணி?”

“மயிலிட்டிக் கடல் தண்ணிதான். ஏன், சந்தேகமே?” என்று கேட்டு, மூடியைத் திறந்து இரண்டு மிடறு குடித்தும் காட்டினான். மூன்றாவது மிடறில்தான் தான் என்ன செய்கிறேன் என்று அவனுக்கு விளங்கியது.

“உப்புத் தண்ணி சிந்தினால் வாகனத்தின்ரை தட்டுக் கறள் கட்டி இத்துப்போம் மச்சான்” என்றான் மெதுவாக. “இது எங்கடை வீட்டுக் கிணத்துத் தண்ணி. குடிக்க நல்லது.”

“உப்பில்லாட்டி நுரைக்காதுதான் சேர்” என்று சுபாஸ் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

லக்ஷனுக்கு வந்த கோபத்தில் கேதீஸ்வரன் மைத்துனன் என்பதும் மறந்துபோனது. “இப்பவே திரும்பிப் போங்கோ. நாலு கான் கடல் தண்ணி இல்லாமல் இந்தப் படலை திறக்கக் கூடாது.”

ஒரு மணித்தியாலத்தில் நாலு கானும் வந்தன. லக்ஷன் ஒவ்வொன்றையும் நக்கிப் பார்த்தான். கரித்தது. ஒன்றுக்குள் சாதாளைப் பாசித் துண்டுகூட மிதந்தது. சுபாஸ் மட்டும் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகாமல் நின்றான். காற்றாடிக்குக் கீழே நின்றும் அவனுக்கு வியர்த்தது.

தொட்டியை அரைவாசிக்கு இறைத்தாயிற்று. கொழுத்த மஞ்சள் மீன் கண்ணாடிக்குக் கிட்ட வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மற்ற நாலையும் துரத்தித் துரத்திக் கொத்துவதால் லக்ஷன் அதற்குப் பிரின்சிப்பல் என்று பெயர் வைத்திருந்தான். அவனுக்கு நெஞ்சு கரைந்துபோனது.

“பாவங்கள். ரெண்டு மாசமா உப்பில்லாமல் என்ன பாடு பட்டுதுகளோ” என்று சொல்லிக்கொண்டு முதல் கானைத் தூக்கித் தொட்டியின் விளிம்பில் சரித்தான்.

சுபாஸ் பாய்ந்து வந்து கானின் வாயை இரண்டு கையாலும் பொத்தினான்.

“ஊத்தாதேங்கோ சேர். உதுகள் குளத்து மீன்.”